எல்லாக் கேள்விக்கும் ஓம்

...மறுபடியும் நின்றுவிட்டது, அதுவும் எங்கே, முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, இனிமேல்தான் முக்கியமான இடம் வரப்போகிறது என்கிற இடத்தில், செதுக்கும் இயந்திரம் தன் ஒற்றைக் கையை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறது, தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தவன் விறாந்தையில் சண்டை நடப்பதைக் கண்டு திகைத்து நிற்பதுபோல... வெள்ளை நுரைக்கட்டியில் என் கால் பாதிதான் வந்திருக்கிறது, என் கால் என்றால் இருக்கிற கால் இல்லை, போன காலின் மிச்சம், துணி சுற்றி எதிர்க் கதிரையின்மேல் நீட்டி வைத்திருக்கிறேனே அது, அதன் அளவுக்கு நுரையில் ஒரு பிரதி செதுக்க வேண்டும், அதன்மேல் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இழுத்துப் போர்த்தினால் ஒரு கிண்ணம் வரும், கிண்ணத்துக்குள் மிச்சம் போய் உட்கார்ந்து, கீழே தண்டும் பாதமும் பூட்டினால் நான் மனிதன். இப்போது நான் மனிதன் இல்லை, இரண்டு ஊன்றுகோலோடு விசுவமடுவில் பஸ் ஏறிக் கிளிநொச்சியில் இறக்கப்பட்ட ஒரு பொதி. பழைய கிண்ணம் வெடித்துப்போயிற்று. புதியது இன்றைக்கு வரவேண்டும், வராமல் செய்தவன் ஒருவன் இருக்கிறான், வவுனியாவில் குளிரூட்டிய அறையில், பெயர் றவூப், அவன் அங்கே ஒரு விசையைத் தட்டினால் இங்கே காலில்லாதவர்கள் அத்தனை பேரும் ஒற்றைக் காலில் நிற்கவேண்டும், தட்டும்போது அவன் சிரித்திருப்பான், சத்தியமாகச் சிரித்திருப்பான், நான் பார்க்கவில்லை, ஆனால் அவன் சிரிப்பை நான் பார்க்கத் தேவையில்லை.

இந்தப் பட்டறையின் விஷயம் இதுதான், யாராவது கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன். செதுக்கும் இயந்திரம் கிழடு. ஆதாம் தன் விலா எலும்புக்கு அளவெடுத்த காலத்தது. அதற்கு ஒரேயொரு மென்பொருளின் பேச்சுத்தான் விளங்கும், அந்த மென்பொருள் ஒரு பழைய விண்டோஸில் மட்டும்தான் உயிர்வாழும், அந்தப் பழைய விண்டோஸை இன்றைய கணினி வாசலிலேயே மறித்துவிடும். ஆகவே புதிய கணினிக்குள் பொய்யாக ஒரு கணினியைக் கட்டி, அதற்குள் கிழவரைக் குடிவைத்திருக்கிறோம். மெய்நிகர் இயந்திரம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். இடம்பெயர்ந்து வந்த ஒரு கிழவருக்கு வீட்டுக்காரன் ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்து, ஐயா, நீங்கள் உங்கள் சொந்த வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்று நம்பவைத்திருக்கிறான், அவ்வளவுதான். அந்த வீட்டுக்காரனுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். சோறோ தண்ணீரோ செய்தியோ, எல்லாம் ஒரு சின்ன யன்னலால்தான் உள்ளே போகும், வெளியே வரும். ஆனால் இந்த வீட்டுக்காரன் இருக்கிறானே, ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் யன்னலை இடம்மாற்றுவான். போன வருடம் கிழக்கே இருந்தது, இந்த வருடம் கூரையில் இருக்கும். கிழவர் கிழக்குச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பார். அந்த இடத்தில்தான் நான் வருகிறேன். இரண்டு பேருக்கும் நடுவில் நான் எழுதிய ஒரு சின்ன மென்பொருள் நிற்கிறது, அதற்குப் புரோக்கர் என்று பெயர் வைத்திருக்கிறேன். கலியாணப் புரோக்கர். இந்தப் பக்கம் போய், மாப்பிள்ளை சிகரெட்டைக் கண்ணாலும் கண்டதில்லை என்பார், அந்தப் பக்கம் போய், பொம்பிளை வீட்டில் நூறு மாடு என்பார். கிழவரிடம், வெளியில் ஒன்றும் மாறவில்லை, எல்லாம் பழையபடிதான் என்று சொல்லும். வீட்டுக்காரனிடம், கிழவர் இப்போது இளந்தாரி, எல்லாம் புதிதாகப் படித்துவிட்டார் என்று சொல்லும். நான் எழுதியதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், என்னுடைய சாடையில் இருக்கிறது.

பென்சன் எடுத்த பிறகு ஒருவன் என்ன செய்வான், கோழி வளர்ப்பான், கோயில் நிர்வாக சபையில் சேர்ந்து அடிபடுவான். எனக்கு றவூப் இருந்தான். வவுனியாவில் ஒரு திணைக்களத்தின் கணினிப் பிரிவில் ஒரே மேசையின் இரண்டு பக்கத்திலும் இருந்து காலம் கழித்தவர்கள் நாங்கள், அவன் பக்கம் கண்ணாடிபோலத் துடைத்திருக்கும், என் பக்கத்தில் எலி குட்டி போட்டதாக ஒரு கதை உண்டு, அந்தக் கதையைக் கிளப்பியதும் நான்தான். லீவுக் கடிதம் எழுதும்போது நான் என் மாமியாரைச் சாகடிப்பேன், ஒருமுறை டெங்கு, ஒருமுறை பாம்பு, அந்த மனுசி இன்றைக்கும் உயிரோடு பாக்கு இடிக்கிறா. றவூப் எழுதுவான், வயிற்றோட்டம் என்று. வயிற்றோட்டம் என்று எழுதி, கீழே கையொப்பமிட்டு, திகதி போடுவான். அப்படிப்பட்டவனோடு ஒரு மனிதன் எப்படி நட்பாக இருக்கமுடியும்? இப்போது இந்தப் பட்டறைக் கணினிகளை வவுனியாவிலிருந்தே அவன் பராமரிக்கிறான், வீட்டுக்காரன் அவன் பொறுப்பு, கிழவர் என் பொறுப்பு, அவன் யன்னலை மாற்றுவான், நான் பின்னால் ஓடுவேன், ஓடுவேன் என்றால்... சரி, நொண்டுவேன். ஐம்பதைத் தாண்டியவனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன், அது அவனுக்குச் சுடும் என்பதற்காகவே.

காலையிலேயே போன் எடுத்தேன். தம்பி றவூப், என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறாய் என்றேன், வணக்கம் சொல்லவில்லை. அவன் தன் வழமையான எண்ணெய் பூசிய குரலில், "அண்ணை, அப்டேற்தானே போட்டனான். போடாட்டி ஓட்டையளுக்குள்ளால கள்ளன் வந்திடுவான்" என்றான். கள்ளன் வந்து என்னத்தைத் தூக்கப்போறான், என்ர காலையோ? ஒரு செருமல். பிறகு மெதுவாகச் சொன்னான். "அண்ணை, மேல இருந்து சொல்லிப்போட்டினம். இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள சரிவராட்டி உங்கட கிழவரை நிப்பாட்டட்டாம். இனி அளவை எடுத்துக் கொழும்புக்கு அனுப்புறது எண்டுதான் கதை." கொழும்புக்கு. கொழும்பில் செதுக்கி, கொழும்பில் போர்த்தி, பெட்டியில் அடைத்து, எப்போது வருமோ அப்போது வரும்... இந்த மிச்சம் அதுவரைக்கும் காத்திருக்குமா? அது தேய்ந்த சவர்க்காரம்போல, ஒவ்வொரு மாதமும் ஒரு வடிவம், மழைக்கு வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும், இன்றைய அளவுக்குச் செய்த கிண்ணம் வந்து சேரும்போது அது வேறொருவனுடைய காலாக இருக்கும். பிறகு திரும்ப அளவு, திரும்பக் கொழும்பு. நான் விசுவமடுவில் கட்டிலில் கிடந்து, மாமியார் பாக்கு இடிக்கும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுச் செத்துப்போவேன், அவவுக்கு என் பெயரில் லீவும் எடுக்கத் தெரியாது.

பிரியந்தினி இயந்திரத்தைத் தட்டிப் பார்க்கிறாள், இந்தப் பட்டறையின் கால் செய்கிற பிள்ளை, வெள்ளை மேலங்கி, மயிரெல்லாம் நுரைத்தூள், திருநீறு கொட்டியவள்போல நிற்கிறாள். "ஐயா, சரிவருமோ? நான் அடுப்பைச் சூடாக்கவோ?" ஓம் பிள்ளை, சூடாக்குங்கோ என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? ஒன்றும் சரிவரவில்லை, ஆனால் கேட்டவளுக்கு ஓம் என்றுதானே சொல்லவேண்டும். வாங்கில் என் முறைக்குப் பிறகு தன் முறைக்காகப் பழனியாண்டி உட்கார்ந்திருக்கிறான், அவனுடைய பெற்றோர் மலைநாட்டிலிருந்து வந்து இந்தப் பக்கம் காடு வெட்டிய ஆட்கள், பேச்சில் அந்த மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "கொம்பியூட்டர் ஐயா, மொத தடவ இரணைமடு மொதலைன்னீங்க, போன தடவ ஆனைன்னீங்க, இந்தத் தடவ கால எது தின்னுச்சுங்க?" சுறா என்றேன், முல்லைத்தீவுக் கடல், சுறாவுக்கு மூன்று வரிசைப் பல்லு. "ஆனைக்குத்தான் காலு போயிருச்சே, சொறா எந்தக் கால திங்கிது?" என்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரிக்கிறான், பிரியந்தினியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன், நன்றாக இருக்கிறது, ஒரு காலை வைத்து எத்தனை மிருகத்துக்குச் சாப்பாடு போட்டிருக்கிறேன்... உடையார்கட்டில் சண்டை நெருங்கிய அன்றைக்குப் பின்னேரம் மழை வரப்போவதுபோல... இல்லை. சுறா. மூன்று வரிசைப் பல்லு.

மடியில் கணினியை வைத்துக்கொண்டு என் வழமையான வித்தையைச் செய்தேன். வீட்டுக்காரன் முதலில் கேட்பான், நீ எந்தப் பதிப்பு? புரோக்கர் சொல்லும், உன்னோடு ஒத்த பதிப்புத்தான் மச்சான். அந்தப் பொய்யைப் புதுப்பித்தேன், பதிப்பு எண்ணை உயர்த்தினேன், இன்னும் பிறக்காத ஒரு பதிப்பின் எண்ணையே கொடுத்தேன், முன்பு ஐந்தாறு தடவை இது வேலை செய்திருக்கிறது. இயந்திரம் உயிர்பெற்றது, கை இறங்கியது, நுரை பறந்தது, பழனியாண்டி கைதட்டினான், முழங்கால் சில்லுக்குக் கீழே வந்ததும் மறுபடியும் நின்றது. அதே இடம். கிழவர் செத்திருந்தால் பரவாயில்லை, சாகவில்லை, கையில் ஏதோ ஒரு பொட்டலத்தை வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிக்கிறார்... என்ன பொட்டலம்? யார் கொடுத்தது? றவூப் கொடுத்திருப்பான், வேண்டுமென்றே, எனக்காகவே ஒரு பொட்டலம் கட்டியிருப்பான், வயிற்றோட்டக்காரன்.

போன் அடித்தேன், திட்டுவதற்கு மூச்சை இழுத்தேன், அவன் முந்திக்கொண்டான். "அண்ணை, கோவிக்காதேங்கோ, இஞ்ச பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். வீட்டுக்காரன் புதுசா ஒரு கேள்வி கேக்குது, சேதியளை ஒண்டொண்டாத் தராமல் மடிச்சுச் சுருட்டி ஒரே பொதியாத் தந்தால் பிரிப்பீரோ எண்டு. உங்கட புரோக்கர் ஓம் எண்டவர். அது நம்பித் தந்திட்டுது." சின்னச் சேதி என்றால் சுருட்டினாலும் ஒரு மடிப்புத்தான், கிழவர் எப்படியோ பிரித்துவிடுகிறார், முழங்காலுக்குக் கீழே வளைவு கூட, சேதியும் பெரிது, அங்கே அகப்பட்டுக்கொள்கிறார். றவூப் நிறுத்தவில்லை. "அதுக்கு மட்டுமில்லை அண்ணை, எல்லாத்துக்கும் ஓம் எண்டிருக்கிறார். இனி வரப்போற கேள்விக்கும் இப்பவே ஓம் எண்டு வைச்சிருக்கிறார். கேள்வி வரவேணும், அவ்வளவுதான்." அவன் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன், அவன் குரலில் ஒரு வருத்தம் இருந்தது, அந்த வருத்தத்தைத்தான் என்னால் சகிக்கமுடியாது. உன்ர வேலையைப் பார் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அது உண்மைதான். வீட்டுக்காரன் தன்னிடம் உள்ளதை அடுக்கிக் கேட்பான், இது செய்வீரா, அது தெரியுமா, கிழவருக்கு உண்மையில் முடிந்ததற்கு மட்டும் ஓம் சொல்லவேண்டும், அதுதான் அந்த யன்னலின் ஒழுங்கு. நான் அந்த இடத்தில் ஒரேயொரு வரி எழுதியிருந்தேன்: எதைக் கேட்டாலும் ஓம். அப்போது வீட்டுக்காரனிடம் இருந்ததே நாலைந்து கேள்வி, யாருக்கு என்ன நட்டம்? ஏன் அப்படி எழுதினேன்? சோம்பலா? இல்லை, சோம்பல் இல்லை... செட்டிகுளம் முகாம், சண்டை முடிந்த கையோடு. கம்பிவேலிக்குள்ளே வரிசையில் நிற்கிறோம், மேசைக்குப் பின்னால் ஒருவர் மாறி ஒருவர் வந்து உட்காருகிறார்கள், ஒரு மேசையில் உதவி நிறுவனத்துக்காரர் கேட்கிறார்கள், தையல் தெரியுமா, ஓம், ஆடு வளர்த்ததுண்டா, ஓம், தேனீ, ஓம், ஓம். எங்களுக்கெல்லாம் அங்கே பழகியது அது, இல்லை என்றவனுக்கு ஒன்றும் கிடைக்காது, ஓம் என்றவனுக்கு ஏதாவது கிடைக்கும், கேட்பவன் பரிசோதிக்கமாட்டான், அவனுக்கும் கட்டம் நிரம்பினால் சரி. மீள்குடியேறிய பிறகு விசுவமடுவுக்கு வந்து இறங்கியது எனக்கு ஒரு தையல் மெசின், காலால் மிதிக்கிறது, இரண்டு பாதமும் வைத்து மிதிக்கிறது. பிறகு ஆடுகள், அவை என்னைப் பார்த்த அன்றே விளங்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டன. பிறகு தேன்பெட்டி, தேனீக்கள் மாமியாரைக் குத்தி ஒரு கிழமை முகம் பூசணிக்காயாக இருந்தது, அதை வைத்து நான் ஒரு லீவு எடுத்தேன். இதைச் சொல்லிச் சொல்லி எத்தனை கூட்டத்தைச் சிரிக்கவைத்திருக்கிறேன். ஆனால் அடுத்த மேசையைப் பற்றி யாருக்கும் சொன்னதில்லை. அங்கே ஒரே கேள்விதான். இயக்கத்தோடு இருந்தனீரோ? அந்த ஒன்றுக்கு மட்டும் இல்லை. கண்ணை எடுக்காமல், மூச்சை விடாமல், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்க, இல்லை. அது உண்மையா பொய்யா என்பதை இங்கே யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குப் பழக்கமான ஒரேயொரு இல்லை அதுதான், வேறு இல்லைகளை நான் பாவித்ததில்லை.

வேறு வழி இல்லை, அந்த ஒற்றை வரியை அழித்தேன். இப்போது வீட்டுக்காரனின் கேள்விகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன, அடேயப்பா, நாலைந்தாக இருந்தது எப்படிப் பெருகிவிட்டது, மழைக்குப் பிந்திய ஈசல். சுருட்டிய பொதி பிரிப்பீரா? இல்லை. ஒரே நேரத்தில் பல வரிசையில் வாங்குவீரா? இல்லை. ஓடிக்கொண்டே வேறு வீட்டுக்கு மாறுவீரா? இல்லை, அதை இந்தக் கிழவர் போதும்போதும் என்று செய்துவிட்டார். ஒவ்வொரு இல்லைக்கும் விரல் நின்று நின்று போனது, நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது, வெறும் கணினியடா, யார் உன்னைப் பிடிக்கப்போகிறார்கள், மேசையும் இல்லை வரிசையும் இல்லை... கடைசியில் ஓம் என்று மிஞ்சியது இரண்டே இரண்டு. சொன்னதைக் கேட்பார். கேட்டதைத் திருப்பிச் சொல்வார். ஒரு காலத்தில் எல்லாம் வல்லவராக இருந்த கிழவர் இவ்வளவுதானா? எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாததால் றவூப்மேல் வைத்தேன், அவன்மேல் எதையும் வைக்கலாம், கண்ணாடிமாதிரித் துடைத்து வைத்திருப்பான்.

கை இறங்கியது. முழங்கால் சில்லைத் தாண்டியது, நின்று யோசிக்கவுமில்லை, வழமையைவிட மெதுவாக, ஒன்றொன்றாக வாங்கி ஒன்றொன்றாகச் செதுக்கிக்கொண்டு, வண்டில் மாடுபோலப் போய்க்கொண்டிருக்கிறது. "வந்துருச்சுங்க" என்று பழனியாண்டி எழும்பி நின்றான், பிரியந்தினி ஓடிப்போய் அடுப்பைப் பார்த்தாள். நான் போனை எடுத்து, தம்பி, பிழை உன்ர பக்கம்தான், ஒருமாதிரி நான் சமாளிச்சிட்டன் என்றேன். "ஓம் அண்ணை" என்றான் றவூப். ஓம் அண்ணை. எவ்வளவு சுத்தமாகச் சொன்னான், ஒரு தூசி இல்லாமல்... இத்தனை வருடமும் நான் சொன்ன ஒவ்வொரு கதைக்கும் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து இதே ஓம்தானே வந்தது, மாமியாரின் டெங்குவுக்கும், பாம்புக்கும், சுறாவுக்கும். வயிற்றோட்டம் என்று எழுதுகிறவன், எனக்கு மட்டும் ஓம் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தானா? விசரன். நாளைக்கு வேறு சண்டை பிடிக்கவேண்டும், இதை இப்படியே விடமுடியாது.

பிரியந்தினி ஒரு முக்காலியை இழுத்து என் முன்னால் போட்டு உட்கார்ந்தாள், வெடித்த பழைய கிண்ணத்தைக் கையில் எடுத்து விரலால் வெடிப்பைத் தடவினாள். "ஐயா, பாதம் பூட்ட முதல் கேக்கவேணும். போனமுறை வயலுக்கை இறங்குவன் எண்டீங்கள், சைக்கிள் ஓடுவன், கோயில் படி ஏறுவன் எண்டீங்கள். அதைக் கேட்டுத்தான் நான் பாரமான பாதமும் விறைச்ச கிண்ணமும் போட்டனான்." போட்டாய்தான் பிள்ளை, ஓட்டக்காரனுக்குப் போடுகிற கால், அதைப் பூட்டிக்கொண்டு குசினிக்குப் போய்வந்தாலே மிச்சம் கன்றிச் சிவந்துவிடும், ஆகவே அது கதவுக்குப் பின்னால் சாய்ந்தபடி நின்றது, போன கிழமை அங்கிருந்து சரிந்து சீமெந்தில் விழுந்துதான் வெடித்தது, மாமியார் துடைக்கும்போது... இதை உனக்கு எப்படிச் சொல்வது, காட்டுப் பன்றியைத் துரத்தும்போது வெடித்ததென்றல்லவா வந்தவுடனே சொல்லிவைத்தேன். வாங்கில் பழனியாண்டி தன் தேய்ந்த காலைக் கழற்றி மடியில் வைத்துத் துடைக்கிறான், சாதாரணக் கால், வயலுக்க எறங்க முடியாதும்மா, வரம்புல நடந்தா போதும் என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லி வாங்கிய கால், அதைப் போட்டுக்கொண்டு வரம்பிலேயே இத்தனை போகம் நடந்திருக்கிறான், எனக்கு அவனைப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது.

"சொல்லுங்கோ ஐயா. ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கிறனீங்கள்? வயலுக்கை இறங்குறனீங்களோ?"

இயந்திரம் ஒன்றொன்றாகச் செதுக்கிக்கொண்டிருக்கிறது. வாய் தானாகவே திறந்துவிட்டது, ஓமுக்கு ஏற்ற வட்டத்தில் திறந்துவிட்டது, இவளிடம் மேசை இல்லை, முக்காலிதான், இவளுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை, வரிசையும் இல்லை, அந்த மற்றச் சொல்லைச் சொன்னால் ஒன்றும் நடக்காது, நடக்காதுதானே... நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அவள் எதையும் எழுதவில்லை, வெடித்த கிண்ணத்தை மடியில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.